நகரும் புள்ளி

இறந்துபோன கணவர் கண்டுபிடித்த குறுங்கோளை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டுமென்று மரகதவல்லி மலைமேல் இருந்த வானாய்வகத்துக்கு வந்திருந்தாள். அவருக்கு உதவியாளனாக இருந்த ஆரோக்கியராஜ், வானத்தின் ஒரே இடத்தைச் சற்று நேர இடைவெளி விட்டு விட்டு எடுத்த மூன்று படங்களைத் திரையில் மாற்றி மாற்றி ஓட்டினான். "நட்சத்திரமெல்லாம் அப்படியே நிக்கும்மா. நகர்றது மட்டும்தான் சாரோடது. கரியாட்டம் கறுப்புக் கல்லு, அதான் மங்கலாத் தெரியும். சக்கரவள்ளிக் கிழங்கு மாதிரி நீளம். ஏழு மணி நேரத்துல தன்னைத்தானே ஒரு சுத்து சுத்திரும்."

"இத்தனையும் தெரியுது, அது எங்க இருக்குன்னு தெரியலையே" என்று எரிச்சலோடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கல்யாண நாள், காய்ச்சல் நாள் என்று பாராமல் அவர் எழுந்து போனதெல்லாம் இதற்காகத்தான். மறுபடி மறுபடி ஓட்டச் சொன்னாள். திரை முழுக்கக் கோலமாவு கொட்டினாற்போலப் புள்ளிகள். கடைசியில் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். "இதுவா?"

ஆரோக்கியராஜ் கொஞ்சம் தயங்கினான். "ஆமாம்மா, அதேதான். கண்டுபிடிச்சிட்டீங்களே!"

படங்கள் மாறின. அவள் விரல் நுனியை ஒட்டி அந்தப் புள்ளி அசையாமல் நின்றது.

"உங்க சார் மாதிரியே உங்களுக்கும் பொய் சொல்ல வரலை, தம்பி" என்றாள். "திரும்பப் போடுங்க."