பதின்மூன்றாவது இலை

பந்து வரப்பைத் தாண்டி வாய்க்காலில் போய் விழுந்தது. கடைசிப் பந்து, ஆறு ரன் வேண்டும், என் தம்பி சாமிதுரை அடித்தே விட்டான்!

கீழத்தெரு மொத்தமும் குதித்தது. நானும்தான். நெல் அறுத்த தாள் காலைக் குத்தியதுகூடத் தெரியவில்லை.

போன வருஷம் இதே வயலில்தான் கூலிச் சண்டையில் நாங்களும் பண்ணை ஆட்களும் அரிவாளோடு எதிரெதிரே நின்றோம். இந்த வருஷம் கிரிக்கெட். தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாற வேண்டும் என்று பந்தயம். கட்டியவர் பண்ணை வீட்டுப் பிள்ளை துரைராசு. காலேஜில் படிக்கிறார். கீழத்தெருவாவது ஜெயிப்பதாவது என்ற தைரியம்.

அம்பயர் என் வீட்டுக்காரர் வைரக்கண்ணு. பங்களாதேஷ் சண்டைக்குப் போய் வந்த பட்டாளத்துக்காரர். பட்டாளத்து ஆட்டத்தில் கர்னலுக்கே அவுட் கொடுத்தவராம். அதனால் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டது.

காலையில் பெரிய பண்ணை வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆம்பளைகள் எல்லாரும் கைகட்டி நின்றார்கள். இவர் மட்டும் கட்டவில்லை. பண்ணையும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது இவர் சிக்சர் காட்டக் கையைத் தூக்கினார்.

துரைராசு புத்தகத்தோடு ஓடி வந்தார். "ஒத்தக் கையத் தூக்குனா பை. பந்து மட்டையில படலைன்னு அர்த்தம். சிக்சருக்கு ரெண்டு கை, ரூல் புக்குலயே இருக்கு!"

அடப்பாவி! காலையிலிருந்து ஒரு சிக்சரும் விழாததால் இந்த வம்பு அதுவரை வரவில்லை. பை என்றால் நாலு ரன்தான். தோற்றுப்போவோம்.

இவரோ வாயைத் திறக்கவில்லை. அம்பயர் வாதாடக் கூடாதாம். முகம் மட்டும் சுண்டிப்போயிருந்தது.

எனக்கு வந்ததே ஆத்திரம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெரிய பண்ணை பார்க்கப் பார்க்க வயலுக்குள் நடந்தேன்.

அவருடைய வலது பக்கம் ஒட்டி நின்றேன். அந்தப் பக்கத்துச் சட்டைக் கையைக் காலையில் நான்தான் மடித்து ஊக்குக் குத்தி விட்டிருந்தேன். உள்ளே கை கிடையாது. அதை எல்லையிலேயே விட்டுவிட்டு வந்தவர் அவர்.

என் கையை அவர் கைக்குச் சமமாகத் தூக்கினேன்.

"எண்ணிக்குங்க சின்னய்யா. ரெண்டு கை."

பண்ணைத் தெருப் பையன்களே கைதட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். ஊருக்கு வந்த பிறகு அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மத்தியானம் துரைராசு பன்னிரண்டு இலை போட்டார். ஆட்டக்காரர்களுக்குப் பதினொன்று, அம்பயருக்கு ஒன்று.

பந்தலுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

பிறகு அம்பயருக்கு வலது பக்கத்தில் இன்னொரு இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார்.