லிட்டருக்குப் பன்னிரண்டு

பெட்ரோல் பங்க் வரிசையில் முன்னால் நின்ற கார்கள் எல்லாம் கரும்புகை கக்கின. எந்த மடையன் இவற்றுக்கு சர்வீஸ் பார்த்தானோ என்று வாடிக்கையாளர் தியாகுவின் பக்கத்தில் காரில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் கனகவல்லிக்கு எரிச்சலாக வந்தது. மின்சார வண்டிகளையே பார்த்து வந்ததில், பெட்ரோல் வண்டியில் அவள் கை வைத்தே பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் தியாகுவின் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பத்து நாள் பிரித்து மேய்ந்து, பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றி, லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் ஓடியதைப் பன்னிரண்டு ஓட வைத்துவிட்டாள்.

பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததிலிருந்து தியாகுவுக்கு மாதாமாதம் கிடைத்தது இருபது லிட்டர். ஞாயிற்றுக்கிழமை வால்பாறையில் தியாகுவின் மகளுக்கு வளைகாப்பு. முடிந்ததும் அவளைக் கோவைக்கு அழைத்து வர வேண்டும். போக வர இருநூற்றுப் பத்து கிலோமீட்டர்.

பங்க் மெஷின் இன்ஜினைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பத்து லிட்டரோடு நின்றுவிட்டது.

“ஏனுங்க, மிச்சம் பத்து?” என்றார் தியாகு.

“ஒதுக்கீடு லிட்டர் கணக்கு இல்லீங்க, உங்களுக்கு மாசம் நூத்தியிருபது கிலோமீட்டர்தானுங்க,” என்றான் ஊழியன். “வண்டி இப்ப நல்லா ஓடுது. அதுக்குப் பத்தே போதுமுங்க.”

பின்னால் நின்ற காரிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். “பங்க்குக்கு வரும்போது அடைச்சுப்போன பழைய ஃபில்டரை மாட்டிட்டு வரோணுங்க. பெட்ரோல் போட்டதும் கழட்டிரலாம். நாங்க எல்லாரும் அப்படித்தான்.”

தியாகுவின் காரிலிருந்து கழற்றிய பழைய ஃபில்டரைக் காலையில்தான் கனகவல்லி குப்பை வண்டியில் எறிந்திருந்தாள்.

“போறதுக்கு இது போதுமா அம்மிணி?” என்று கேட்டார் தியாகு.

“போறதுக்கு மட்டும்தானுங்க,” என்றாள் கனகவல்லி.