நல்ல குத்தகைக்காரன்

சட்டி பானை, பாய், தலையணை, நெல் மூடைகள் எல்லாம் முற்றத்து வேப்பமரத்தடியில் கிடந்தன. படலைக்கு வெளியே நின்று அதைக் கண்ட இளையதம்பி, கையிலிருந்த தகரப்பெட்டியை மெல்லக் கீழே வைத்தார்.

"தம்பி, தவராசா!" என்று வழமைபோல வெளியில் நின்றே கூப்பிட்டார். காணி அவருடையது, வீடும் அவருடையது. ஆனாலும் இந்த எட்டு வருசத்தில் ஒருநாளாவது அவர் கூப்பிடாமல் உள்ளே போனதில்லை.

அது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கேயே குடியிருந்து பயிர்செய்யவேண்டும் என்ற நிபந்தனையோடு, ஐம்பதாம் ஆண்டு கிளிநொச்சிக் குடியேற்றத்தில் அரசாங்கம் அவருக்குக் கொடுத்த காணி அது. காய்ச்சலுக்கும் காட்டுக்கும் பயந்து மனைவி சொந்த ஊரான கோப்பாயை விட்டு அசையமாட்டேன் என்றுவிட்டாள். அவரும் அவளோடு நின்றுவிட்டதால் காணி குத்தகைக்குப் போயிற்று.

முதல் வந்த மூன்று பேரும் ஒரு போகத்துக்கு மேல் நிற்கவில்லை. பங்கு நெல்லில் கறாராக நின்று, வரும்போதெல்லாம் குசினி அடுப்புவரை எட்டிப் பார்த்து, அவரேதான் அவர்களைக் கலைத்தார்.

நாலாவதாகத் தவராசா வந்தபோது இளையதம்பி தன் குணத்தை மாற்றிக்கொண்டார். கேட்கமுன்னமே கூரை வேய்ந்து கொடுத்தார். கிணற்றைத் தோண்டுவித்துக் கட்டிக் கொடுத்தார். மழை பொய்த்த வருசம் பங்கே வாங்கவில்லை.

"குத்தகைக்காரனை மாப்பிள்ளை மாதிரியெல்லோ வைச்சிருக்கிறாய்," என்று கோப்பாயில் பகிடி பண்ணினார்கள். "அவன் நிண்டாத்தான் அந்த மண் உருப்படும்," என்பார் அவர். உருப்பட்டுத்தான் இருந்தது. பற்றைக்காடாய்க் கிடந்த இடத்தில் வரம்புகள் நேராகி, வாய்க்கால் தண்ணீர் கடைசி வயல்வரை ஓடியது.

தவராசா ஓடிவந்து படலையைத் திறந்தான். பின்னால் அவன் மனைவி நேசமலர். அவள் சேலையெல்லாம் சுண்ணாம்புத் துளி. உள்ளே பாதிச் சுவருக்கு வெள்ளையடித்து முடிந்திருந்தது.

விட்டுப் போகிற வீட்டுக்கும் வெள்ளையடித்துக் கொடுக்கிற சனம் இனி எங்கே கிடைக்கும்? இளையதம்பி அந்தச் சுவரையே பார்த்தார்.

"கோப்பாய்க்கு வந்து உங்களுக்குச் சொல்லத்தான் இருந்தனான், ஐயா," என்றான் தவராசா. அவன் முகத்தை நிமிர்த்தவில்லை. "எங்களுக்குக் காணி கிடைச்சிட்டுது."

நேசமலர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து நிழலில் போட்டாள். இளையதம்பி அதில் உட்கார்ந்தார்.

"நல்லது தம்பி. ஆர் தந்தது?"

"அரசாங்கக் காணிக் கந்தோர்தான். போன மாசம் விசாரணைக்குக் கூப்பிட்டவை. நான் போய் உள்ளதைச் சொன்னனான். உங்களுக்குக் கடிதம் ஒண்டும் வரேல்லையே, ஐயா?"

"எனக்கு ஆர் கடிதம் போடுறது?"

தவராசாவும் நேசமலரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவனுக்கென்று ஒரு துண்டு நிலம் கிடைத்ததில் இளையதம்பிக்குச் சந்தோசம் வரவேண்டும். வரவில்லை. ரயிலில் வரும்போது ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் மறந்துபோக, அவர் தகரப்பெட்டியைக் காட்டினார்.

"மனுசி செத்து ஆறு மாசம். கோப்பாய் வீடு மகளுக்குச் சீதனமாய் எழுதினது. நேற்று மருமோன் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து விறாந்தையிலை வைச்சிட்டார். மகள் உள்ளுக்கை நிண்டவள், வெளியிலை வரேல்லை. நானும் ஒண்டும் கேக்கேல்லை. காலமைக் கோச்சியிலை ஏறிட்டன்."

"ஐயோ, ஐயா..." என்றாள் நேசமலர்.

"அந்தச் சின்ன அறை எனக்குக் காணும், பிள்ளை. உங்களோடை ஒரு மூலையிலை கிடப்பமெண்டுதான் வந்தனான். நீங்கள் போனா, இந்த வயதிலை நான் தனிய இந்த வயலுக்கை என்ன செய்யிறது?"

தவராசா கால் பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"புதுக் காணியெண்டால் காடு வெட்டி, வேர் பிடுங்கி, வரம்பு கட்ட மூண்டு வருசமாவது செல்லும். அதுமட்டும் இஞ்சை இருங்கோவன். எனக்குப் பங்கு வேண்டாம். ஒரு நேரச் சோறு போதும்."

நேசமலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். தவராசா வேப்பமரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவர்களை இப்படி நெருக்குவது இளையதம்பிக்கே வெட்கமாக இருந்தது. எட்டு வருசம் மாடாய் உழைத்தவர்கள். அவர்களுக்கும் ஒரு காலம் வரத்தானே வேண்டும்?

"சரி, அழாதை பிள்ளை. நான் மறிக்கேல்லை. சந்தோசமாய்ப் போங்கோ," என்றார். பிறகு, குரலைக் கொஞ்சம் தேற்றிக்கொண்டு கேட்டார்: "காணி எங்கை? அக்கராயன் பக்கமோ, முத்தையன்கட்டுப் பக்கமோ? இடைக்கிடை வந்து உங்களைப் பாத்திட்டுப் போகலாமெண்டுதான் கேக்கிறன்."

தவராசா திரும்பவில்லை. நேசமலர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"இந்தக் காணிதான், ஐயா."