பதினாறு தடயங்கள்

"இதைத் திருப்பி எடுத்துக்குங்க டாக்டர். வீட்டுல ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

தொழிற்சாலைப் பரிசோதகர் நாய்க்குட்டியை மேசை மேல் இறக்கினார். இறங்கிய வேகத்தில் அது அவருடைய சட்டைக் கையைக் கவ்விக்கொண்டு தொங்கியது.

பெயர் பம்பரம். நான்கு மாதக் குட்டி. ஒரு மாதத்துக்கு முன் இதே கால்நடை டாக்டரம்மாவிடம் இருந்துதான் வாங்கிப் போனார்கள். பெயர் வைத்த மகள் இப்போது அம்மாவை ஒட்டிக்கொண்டு, அழுகையை அடக்க உதட்டை இறுக மூடியபடி நின்றாள்.

"அப்படி என்ன சார் பண்ணிட்டான்?"

"என்ன பண்ணலன்னு கேளுங்க. எழுந்ததும் காலைக் கடிக்கும். செருப்பைப் போட்டா செருப்பைக் கடிக்கும். கழட்டினா விரலைக் கடிக்கும். ஒரு சத்தம் போட்டா, விளையாடக் கூப்பிடறோம்னு நினைச்சு வீட்டை நாலு சுத்து சுத்திட்டு வந்து மறுபடியும் கடிக்கும்."

"அப்ப நீங்க கையைக் காலை இழுத்துக்கிட்டு குதிப்பீங்களா?"

"பின்ன, நின்னு ஆசீர்வாதமா பண்ணுவேன்?"

"குதிச்சா அதுக்குக் கொண்டாட்டம் சார். அசையாம நில்லுங்க, சலிச்சுப்போய் விட்டுடும்."

பரிசோதகர் அசையாமல் நின்றார். பம்பரம் சட்டைக் கையை விட்டது. அவர் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டது.

"பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற நேரம். ஈறு நமநமங்கும். ரெண்டு மாசத்துல தானா அடங்கிடும்" என்றார் டாக்டரம்மா, அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.

"ரெண்டு மாசத்துல வீட்டுல சுவர் மட்டும்தான் மிஞ்சும். ஃபாரத்தைக் குடுங்க, கையெழுத்து போடறேன். பேனாவும் நீங்கதான் குடுக்கணும். என் பேனாவை எல்லாம் இது தின்னாச்சு."

டாக்டரம்மா படிவத்தை வைத்து, தன் புதுப்பேனாவையும் நீட்டினார்.

வாங்கிக்கொண்டாரே தவிர, பரிசோதகர் உடனே கையெழுத்து போடவில்லை. சுவிட்ச் தொழிற்சாலையில் இருபது வருடமாகத் தரப் பரிசோதனை செய்கிறவர். ஒரு கீறல் இருந்தாலும் லேபிள் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். ஆதாரம் இல்லாமல் மட்டும் எதையும் அனுப்பியதில்லை.

"முதல்ல நீங்க சரிபாருங்க" என்று பையைக் கவிழ்த்தார்.

பதினாறு பொருட்கள். ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். ஒவ்வொரு உறையிலும் லேபிள். 'தடயம் 9. மூக்குக்கண்ணாடி. குறை: வலது கம்பி நுனி நசுங்கல். கடித்தது: பம்பரம்.'

"அப்பா, அந்தக் கண்ணாடி..." என்று மகள் ஆரம்பித்தாள்.

அம்மா அவள் தோளை லேசாக அழுத்தினாள். மகள் மீதியை விழுங்கிக்கொண்டாள்.

"இப்படித்தான் டாக்டர், எதைக் காட்டினாலும் அதுக்கு வக்காலத்து வாங்குவா."

சொல்லிவிட்டாரே ஒழிய, மகளின் முகத்தைப் பார்த்ததும் பரிசோதகருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவர் ஒன்றும் கல்நெஞ்சுக்காரர் இல்லை. கடித்த பொருள்களை எண்ணி எண்ணியே கோபத்தை வளர்த்துக்கொண்டவர், அவ்வளவுதான்.

டாக்டரம்மா உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து இரண்டு குவியலாக வைத்தார். ஒன்றில் செருப்பு, சாக்ஸ், சீப்பு, பள்ளிக்கூடப் பையின் வார். இன்னொன்றில் ஏழு பேனா மூடி, மூன்று பென்சில், டிவி ரிமோட், மூக்குக்கண்ணாடி எல்லாம்.

"இந்தக் குவியல் பம்பரம் வேலைதான், சந்தேகமே இல்ல" என்றார்.

"அந்தக் குவியல்?"

"பூதக்கண்ணாடி வெச்சிருக்கீங்களா சார்?"

அது இல்லாமல் அவர் எங்கேயும் போவதில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"குட்டியோட பல் ஊசி மாதிரி. குத்தும், கிழிக்கும். செருப்பைப் பாருங்க, பொத்தல் பொத்தலா இருக்கா? இப்ப பேனா மூடியைப் பாருங்க."

பரிசோதகர் குனிந்து பார்த்தார். செருப்பில் பொத்தல். பேனா மூடியில் தட்டையான தழும்பு, வரிசையாக. திருப்பிப் பார்த்தார். ரிமோட்டைப் பார்த்தார். கண்ணாடிக் கம்பியைப் பார்த்தார். தொழிலில் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"ஆமா. இது வேற பல்லு" என்று ஒத்துக்கொண்டார்.

"மனுஷப் பல்லு சார்."

பரிசோதகர் சடாரென்று மகள் பக்கம் திரும்பினார். "நீதானா? உண்மையைச் சொல்லு."

மகள் இறுக மூடியிருந்த வாயை ஈ என்று திறந்து காட்டினாள். முன்வரிசையில் மேலே இரண்டு பல்லும் இல்லை, கீழே இரண்டும் இல்லை. பம்பரத்துக்கும் அவளுக்கும் ஒரே பருவம்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு படிவத்தை அவர் முன்னால் தள்ளினார். பரிசோதகர் படிவத்தைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார், கையெழுத்து போடவேண்டிய இடத்தைப் பார்த்தார். பலமான யோசனையில் மூழ்கிவிட்டார்.

பம்பரம்கூட கடிப்பதை நிறுத்திவிட்டு அவரையே உற்றுப் பார்த்தது. எங்கிருந்தோ 'நறுக், நறுக்' என்று சத்தம் வந்தது.

"அப்பா" என்று மகள் மெல்லச் சுட்டிக் காட்டினாள்.

டாக்டரம்மாவின் புதுப்பேனா பரிசோதகரின் பல்லிடுக்கில் இருந்தது. மூடி ஏற்கெனவே பாதி நசுங்கியிருந்தது.

அவர் அதை மெதுவாக வாயிலிருந்து எடுத்து, கைக்குட்டையும் இல்லாமல் துண்டும் இல்லாமல் எதில் துடைப்பது என்று தெரியாமல், தன் சட்டைக் கையிலேயே துடைத்தார். பிறகு பரிதாபமாக மனைவியைப் பார்த்தார்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

அவள் பம்பரத்தை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கடிக்குதுன்னு திருப்பிக் கொடுக்கறதா இருந்தா, பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே உங்களைக் கொண்டுபோய் உங்கம்மா கிட்ட விட்டிருப்பேங்க."