கட்டளைக்கு லைசென்ஸ்

ரத்தினசபாபதி வாசல் கதவை உள்ளிருந்து இரண்டு கையாலும் குத்திக்கொண்டிருந்தார். ஒன்பதரைக்கு ஆங்கிலத் தேர்வு. தவறவிட்டால் இன்னும் ஒரு வருடம் இந்த வீடு அவர் பேச்சைக் கேட்காது.

"தி டோர் ஈஸ் க்ளோஸ்டு" என்றார்.

"ஆமாம் சார்" என்றது வீடு.

"கேன் தி டோர் ஓப்பன்?"

"திறக்கும் சார்."

"வாட் எ டோர்!"

"நன்றி சார்."

பேச்சுக்கு இயங்கும் அந்த வீட்டிடம் ஒவ்வொரு வகை வாக்கியம் பேசவும் ஆங்கிலத் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். செய்தி, கேள்வி, வியப்பு மூன்றுக்கும் அவரிடம் லைசென்ஸ் உண்டு. கட்டளை வாக்கியத்தில் மட்டும் நான்கு வருடமாக ஃபெயில். கட்டளை இல்லாமல் கதவும் திறக்காது, காபி மெஷினும் ஓடாது. மனைவி கனகவல்லி முதல் தடவையிலேயே பாஸ்.

"கனகு, கதவைத் திறக்கச் சொல்றியாம்மா?"

"தலை துவட்டிட்டு வர்றேனுங்க" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

கடுப்பில் வீட்டையே கேட்டார். "ஹூ ஃபெயில்டு மீ?"

கேள்வி என்று வந்துவிட்டால் வீட்டுக்கு மறைக்கத் தெரியாது. "கட்டளைத் தேர்வில் கடைசி மதிப்பெண் வீட்டில் இருப்பவர் போடுவது சார். நான்கு தடவையும் பூஜ்யம் போட்டவர் கனகவல்லி மேடம்."

திரும்பினார். கனகவல்லி ஈரத் துண்டோடு நின்றிருந்தாள்.

"இருபது வருஷம் 'காபி கொண்டா'ன்னீங்க. இந்த நாலு வருஷமாத்தான் 'கனகு, காபி கிடைக்குமா'ன்னு கேக்கறீங்க. அதைக் கெடுத்துக்க எனக்கென்ன பைத்தியமா?"

பிறகு கதவைப் பார்த்து, "ஓப்பன்" என்றாள். திறந்தது.

"நேரமாச்சு, போய் நல்லா எழுதுங்க."