சத்தம் நல்லா வரணும்

உச்சிப்புளி கடையில் வீரமணி ப்ளூடூத் ஸ்பீக்கர் கேட்டார். "மழையில நனைஞ்சாலும் கெடக்கூடாது. ரெண்டு தெரு தள்ளியும் கேக்கணும்."

"அக்கா வரலையாண்ணே?" என்றார் கடைக்காரர் சதக்.

"மகளுக்கு ரெண்டாவது பேறுகாலம். நாளைக்குத் திருப்பூர் போறா. வர ஒரு மாசமாகும்."

சதக் சிரித்தார். "அப்ப ஒரு மாசம் பாட்டும் கூத்துந்தான்."

"பாட்டு எதுக்கு? பேச்சு தெளிவாக் கேட்டாப் போதும்" என்றபடி வீரமணி செல்போனை ஸ்பீக்கரோடு இணைத்து, அதிலிருந்த ஒரு பதிவை ஓடவிட்டார்.

"ஏய், போ அங்கிட்டு. அசந்தா வந்துருவியா?" அவர் மனைவியின் குரலில் கடையே அதிர்ந்தது.

"நம்ம கடலைக்காட்டுக்கு வர்ற மயிலுக இவ சத்தத்துக்குத்தான் ஓடுது. நான் கத்துனா தலையைக்கூடத் தூக்காது."

"அது சரிண்ணே," என்றார் சதக். "நீங்க ஏன் கடையை விட்டு இறங்கிட்டீங்க?"