ஆறாவது கப்

வீடியோவை நிறுத்தினாள். பின்னால் தள்ளினாள். மறுபடியும் ஓடவிட்டாள்.

ஐம்பத்திரண்டாவது வினாடி. கப் முழுசாகத்தான் இருந்தது.

வெள்ளைப் பீங்கான், நீல விளிம்பு. வளையல் போட்ட கை ஒன்று பார்சலைப் பிரித்து, அதை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுகிறது. காதில்கூட ஒரு கீறல் இல்லை.

உடைந்துவிட்டதாம்!

“மாட்டினியா?” என்று செல்போனைப் பார்த்து வாய்விட்டே கேட்டாள்.

மணி பதினொன்று நாற்பது. பகல் பன்னிரண்டுக்குள் புகாருக்கு அவள் பதில் போட்டாக வேண்டும்.

புகார் வந்தது நேற்று மதியம். வந்தவுடன் எதையும் திறந்து பார்க்கமாட்டாள். ஏலத் தளத்தில் பழைய பீங்கான் விற்று ஆறு வருடத்தில் கற்றுக்கொண்ட தந்திரம் அது. கொதித்துக்கொண்டு வருகிறவர்களை ஒரு நாள் ஆறப்போட்டால் பாதிப் பேர் தாமாகவே இறங்கி வந்துவிடுவார்கள்.

இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு ஒற்றை நட்சத்திரப் புகார்கள். இரண்டுமே கூரியர்காரன் தூக்கிப் போட்டதற்கு அவள் வாங்கிக் கட்டிக்கொண்டவை. இன்னும் ஒரே ஒரு புகாரை ஒப்புக்கொண்டால் கடையை மூன்று மாதம் முடக்கிவிடுவார்கள். தீபாவளி ஏலம் அதோடு போச்சு. இந்தக் கடையை விட்டால் கோயம்புத்தூரில் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

அதனால்தான் ஒவ்வொரு பொருளின் கீழும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள்: பிரிக்கும்போது எடுத்த வீடியோ இல்லாமல் புகார் ஏற்கப்படாது.

கப்பை வாங்கியவள் வீடியோ அனுப்பியிருந்தாள். முழுசாக நான்கு நிமிடம். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறாள், பாவம்.

‘மறுக்கிறேன்’ என்பதைத் தொட்டாள். காரணம் கேட்டது. ஐம்பத்திரண்டாவது வினாடியில் கப் உடையவில்லை, நீங்களே பாருங்கள் என்று எழுதினாள்.

அனுப்புவதற்கு முன் புகாரை இன்னொரு தரம் படித்தாள். ஒரே வரி.

“கப் உடைஞ்சிடுச்சு. வீடியோவைக் கடைசி வரைக்கும் பாருங்க.”

சரி, எப்படித்தான் உடைத்தாள் என்றும் பார்த்துவிடலாம்.

அலமாரியில் அதே நீல விளிம்போடு ஐந்து கப்புகள் கவிழ்ந்திருந்தன. வளையல் கை ஆறாவதை அந்த வரிசையில் வைத்தது. ஏலத்தின் கடைசி நிமிடத்தில் நான்கு பேரோடு முட்டி மோதி அந்தப் பெண் இதை எடுத்தது ஏன் என்று இப்போதுதான் விளங்கியது. பழையது ஒன்று கைதவறிப் போயிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் ஈடுகட்டப் பார்த்திருக்கிறாள்.

ஓர் ஆண் குரல். கத்தவில்லை.

“அஞ்சுதானே இருந்துச்சு? நான் எண்ணி வெச்சிருக்கேன்ல.”

படம் ஆடிச் சரிந்தது. கூரை தெரிந்தது. மின்விசிறி தெரிந்தது.

ஒரு சத்தம். கப் உடைந்தது.

இன்னொரு சத்தம்.

பீங்கான் உடையும் சத்தம் அவளுக்குத் தெரியும். தட்டா கிண்ணமா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள்.

இரண்டாவது, பீங்கான் இல்லை.

அதற்குப் பிறகு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் செல்போனை எடுக்கவில்லை. கடைசி வரைக்கும் பார்க்கச் சொல்லியிருந்தாளே என்று கடைசி வரைக்கும் பார்த்தாள்.

பணத்தைத் திரும்பக் கேட்கிறவள் உடைந்த துண்டுகளைப் படமெடுத்து அனுப்பியிருப்பாள். இதை ஏன் அனுப்புகிறாள்? கடைசி வரைக்கும் பார் என்று ஏன் கெஞ்சுகிறாள்? வேறு யாரிடமும் வாயைத் திறக்க வழியில்லாதவள் புகார்ப் பெட்டியில் எழுதியிருக்கிறாள்.

நேற்று மதியம் எழுதியிருக்கிறாள். இவள் ஆறப்போட்டிருக்கிறாள்.

மணி பதினொன்று ஐம்பத்து மூன்று.

எழுதி வைத்த காரணம் திரையில் அப்படியே நின்றது. அனுப்பினால் அடுத்த நொடி அந்தச் செல்போன் ஒலிக்கும். அது இப்போது யார் கையில் இருக்கிறதோ. வீடியோ எதற்குப் போனது, யாருக்குப் போனது என்று அவன் கேட்டால்?

எழுத்து எழுத்தாக அழித்தாள்.

‘ஏற்கிறேன்’ என்பதைத் தொட்டாள். அதற்கும் ஒரு காரணம் கேட்டார்கள். பார்சலைச் சரியாகக் கட்டவில்லை, என் தவறு என்று எழுதினாள். இது அவன் கண்ணில் பட்டாலும் வீடியோவைப் பற்றி இதில் ஒரு வார்த்தை இல்லை. மூன்று சுற்று சுற்றிக் கட்டியவளுக்கு அதை எழுதக் கை கூசியது. அப்புறம் அழுத்திவிட்டாள்.

திரை சிவந்தது. உங்கள் கடை தொண்ணூறு நாட்களுக்கு முடக்கப்பட்டுள்ளது.

பயமாக இருந்தது. அழுகையும் வந்தது. அதற்கெல்லாம் நேரமில்லை.

கூரியர் ரசீதுகளைக் கொட்டித் தேடினாள். ரேணுகாதேவி, ஓசூர். கதவு எண், தெரு, எல்லாம் இவள் கையெழுத்திலேயே இருந்தன. பெண்கள் உதவி எண்ணை அழைத்தாள். கேட்டதை, பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். முகவரியை இரண்டு முறை வாசித்தாள்.

மறுமுனையில் இருந்த பெண் எழுதிக்கொண்டாள்.

“அவங்க உங்களுக்கு என்ன வேணும்மா? சொந்தமா?”

“இல்ல மேடம். என்கிட்ட ஒரு கப் வாங்கினாங்க.”